கடைசியில் ஏற்றுவது முதலில் இறங்கும்

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்குக் கண்டெய்னர் ஏற்றத் தொடங்கும் முன்பே ஒரு வரைபடம் தயாராகிவிடுகிறது. எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் உட்கார வேண்டும் என்பது அதில் இருக்கும். அதைப் போடுகிறவர் ஏற்றுகிற துறைமுகத்தை மட்டும் நினைத்துப் போடுவதில்லை. இறக்கப்போகிற துறைமுகங்களை வரிசையாக மனதில் வைத்துத்தான் போடுகிறார். முதலில் வரும் ஊரில் இறங்க வேண்டியது மேலே, கடைசி ஊருக்கானது கீழே, கனமானது அடியில். இந்தக் கணக்கு பிசகினால் ஒரே ஒரு பெட்டியை எடுப்பதற்காக அதன்மேல் இருக்கும் நாலைந்து பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைத்து, மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு தூக்கலுக்கும் காசு, ஒவ்வொரு தூக்கலுக்கும் நேரம். 20 அடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேல் கையாளும் ஒரு துறைமுகம், இந்த ஒழுங்கு இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது.

இதே ஊரில் ஒரு குடும்பம் வீடு மாறும்போது நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். தெரு முனை மளிகைக் கடையில் அட்டைப் பெட்டி கேட்டு வாங்குவதில் வேலை தொடங்குகிறது. கைக்கு எட்டியது பெட்டிக்குள் போகிறது, பெட்டி நிறைந்ததும் கயிறு விழுகிறது. புது வீட்டில் போய் இறங்கிய பிறகுதான் அடுப்பு லைட்டர் எந்தப் பெட்டியில், அப்பாவின் பிரஷர் மாத்திரை எந்தப் பையில், பிள்ளையின் சீருடை எந்த மூட்டையில் என்ற தேடல் ஆரம்பமாகிறது. பலர் இதைச் சாமான் அதிகம் என்பதன் விளைவாகவோ, ஆள் போதாததன் விளைவாகவோ நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திட்டத்தைப் பழைய வீட்டில் தொடங்கியதுதான் கோளாறு. வீடு மாறும் வேலையைப் புது வீட்டிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். புது மனையின் தரை, தண்ணீர், வாசற்படி, முதல் ராத்திரி, அந்த முகவரிக்கான காகிதங்கள் என்று இவை முதலில் தீர வேண்டும். பெட்டி கட்டுவது அதற்குப் பிறகு வருகிற, ஒப்பீட்டில் எளிதான வேலை.

இதை இப்போது தூத்துக்குடியை வைத்துப் பேசக் காரணம் உண்டு. இங்கே குடிவருகிறவர்கள் பெருகப்போகிறார்கள். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் இங்குள்ள சிப்காட் வளாகத்தில் மின்சாரக் கார் ஆலையை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, ஜூலை 26-இல், வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. துறைமுகம், அனல் மின் நிலையம், உப்பளம், உரத் தொழிற்சாலை என்று ஏற்கெனவே வெளியூர் ஆட்களை ஈர்த்துக்கொண்டிருந்த ஊர் இது. வருகிறவர்களில் பலர் கடற்கரை மண்ணை அறியாதவர்கள். வாடகை என்ன, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்கத் தெரிந்த அவர்களுக்கு, இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

போகிற இடத்தை முதலில் தயார் செய்துவிட்டு அப்புறம் ஆட்களை நகர்த்தும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதிதும் அல்ல. முத்துக்குளித்துறை என்றே பெயர் பெற்ற கடற்கரை இது. சிப்பி விளையும் பார்கள் மன்னார் வளைகுடாவின் இரு பக்கமும் இருந்தன. இலங்கைப் பக்கத்தில் குளிப்பு அறிவிக்கப்பட்டால் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தோணிகள் கிளம்பும். ஆனால் அறிவிப்பு லேசில் வராது. முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் அரசு அதிகாரி பார்களைச் சோதிப்பார். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றிலிருந்து கிடைத்த முத்துகளை மதிப்பிடுவார்கள். தேறும் என்று தெரிந்த பிறகே, சிலாவத்துறையிலோ மறிச்சுக்கட்டியிலோ ஆளில்லாத மணற்கரையில் ஒரு தற்காலிக ஊர் எழும். கிடுகுக் கொட்டகைகள், கடைத்தெரு, சிப்பி எண்ணும் அடைப்புகள், மருத்துவமனை, நீதிமன்றம், சிறை, தபால்-தந்தி அலுவலகம் எல்லாம் வந்துவிடும். கூட்டம் கூடும் இடத்தில் வாந்திபேதி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அனுபவத்தில் கண்டிருந்ததால் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் தனிக் கவனம் இருந்தது. 1905-இல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருமானம். பல்லாயிரம் பேர் கூடி, சில வாரம் வாழ்ந்து, கலைந்து போன ஊர் அது. அத்தனை பேர் அங்கே குடிபுக முடிந்ததற்குக் காரணம், சுமை தோணியில் ஏறும் முன்பே கரையில் தங்குமிடத்துக்கு ஏற்பாடு நடந்திருந்ததுதான்.

அதே பார்கள் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கின்றன. 1905-இன் செழிப்பு கண்ணில் நிற்க, 1906-இல் ஒரு கம்பெனி இலங்கைப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லாமல் போயிற்று, கம்பெனி நொடித்தது. நல்ல பருவத்தில் பார்த்துவிட்டு நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதன் விலை அது. தூத்துக்குடியில் வீடு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் பார்க்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை, மாற்றல் உத்தரவு இரண்டும் அந்தச் சமயத்தில் வருகின்றன. வெயில் காயும் தெருவில் எல்லா வீடும் நல்ல வீடுதான். ஐப்பசி, கார்த்திகையில் அதே தெரு எப்படி இருக்கும் என்பதை அந்த வெயில் சொல்லாது.

2023 டிசம்பரில் அது சொல்லப்பட்டது. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழையில், 18-ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மாவட்டம் ஓர் ஆண்டு முழுக்கப் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை புரண்டு ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்கள் மூழ்கின. கோரம்பள்ளம் குளம் உடைந்து திருநெல்வேலி நெடுஞ்சாலையில் போக்குவரத்து அறுந்தது. தூத்துக்குடி நகரத்துக்குள் நடந்தது வேறு விதம். தட்டையான, கடல் மட்டத்தை ஒட்டிய ஊர் இது. சுற்றிலும் உப்பளம், நடுவே பக்கிள் ஓடை. வந்த தண்ணீர் இறங்கிப் போக வழியில்லாமல் நின்றது. முத்தம்மாள் காலனி, பிரையண்ட் நகர் போன்ற பகுதிகளில் மழை நின்ற பிறகும் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருந்தது. வெள்ளம் வந்த மணிக்கணக்கைவிட அது நின்ற நாள் கணக்குதான் குடும்பங்களை அதிகம் தாக்கியது. கட்டில் மெத்தை, கிரைண்டர், ஃபிரிட்ஜ், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த சான்றிதழ்கள் எல்லாம் நாட்கணக்கில் ஊறின.

ஆகவே இந்த ஊரில் வீடு பார்க்கப் போகிறவர் அறைகளை எண்ணுவதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். தெரு மட்டத்திலிருந்து வாசல் எத்தனை படி உயரம்? கடைசியாகச் சாலை போட்டபோது சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதா? சுவரின் அடியில் வெள்ளைப் பூப்போல் உப்புப் பூத்திருக்கிறதா, புது வண்ணம் இடுப்பளவுக்கு மட்டும் அடித்திருக்கிறதா? மின் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? தண்ணீர் தொட்டியின் மூடி தரை மட்டத்தில் இருந்தால் சாக்கடைத் தண்ணீர் அதற்குள் போகாமல் என்ன ஏற்பாடு? வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது. எதிர் வீட்டு அக்காவிடமும், தெருமுனைத் தேய்ப்புக்காரரிடமும், "இருபத்தி மூணு மழைக்கு இங்க எவ்வளவு நின்னுச்சு, எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேட்டால், கையை முழங்காலிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டிவிடுவார்கள். வாடகை பேசுவதற்கு முன் கிடைக்க வேண்டிய தகவல் அது.

வேண்டாத தண்ணீர் இப்படி என்றால், வேண்டிய தண்ணீர் இன்னொரு கணக்கு. கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஊர் குடிப்பது தாமிரபரணியை. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வல்லநாட்டிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்டதை இந்த ஊர் இன்னும் நன்றியோடு நினைக்கிறது. அவருக்குச் சிலையும் மணிமண்டபமும் இருப்பதற்கு அதுதான் காரணம். அந்தக் குழாய் புது வீட்டு வாசலுக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், பிடித்து வைக்கத் தொட்டி உண்டா, மேல்மாடிக்கு ஏறுமா என்பதெல்லாம் சாமான் பட்டியலையே மாற்றக்கூடிய கேள்விகள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வாட்டர் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் படுத்துவிடும். கடற்காற்று இரும்பைத் தின்னும். அரைகுறையாகத் துருப்பிடித்த பழைய இரும்புக் கட்டிலைக் கூலி கொடுத்து ஏற்றிக்கொண்டு போவதா, இங்கேயே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவதா என்பதைப் புது வீட்டின் காற்றும் தண்ணீரும்தான் தீர்மானிக்க வேண்டும். எதைக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது, இங்கே இல்லை.

அடுத்தது அளவு. ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஒரு துடைப்பம். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு சாமான் போவதற்கு முன் புது வீட்டில் ஒரு மணி நேரம் செலவழித்தால் மறுநாள் பாதி சண்டை குறையும். வாசல் நிலையின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம், பீரோவின் அகலம், ஃபிரிட்ஜின் உயரம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பீரோவுக்கும் கட்டிலுக்கும் தரையில் சாக்பீஸால் கட்டம் போட வேண்டும். பிளக் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஃபிரிட்ஜுக்குக் கட்டம். இதில் ஒரு சிக்கல் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. வண்டியில் கனமான சாமான் டிரைவர் பக்கத்தை ஒட்டி முதலில் ஏறுவதுதான் பாதுகாப்பு. அதனால் அது கடைசியில் இறங்கும். ஆனால் வீட்டுக்குள் அதற்குத்தான் முதல் இடம் வேண்டும். பெட்டிகள் முதலில் இறங்கி அறை முழுக்க அடைத்துக்கொண்டால் பீரோவுக்கு வழி இருக்காது. இதற்கு விடை சாக்பீஸ் கோட்டில் இருக்கிறது. கட்டத்துக்குள்ளும், வாசலிலிருந்து கட்டம் வரையான பாதையிலும் எந்தப் பெட்டியும் வைக்கக் கூடாது. பெட்டிகள் எல்லாம் ஒரே அறைக்கு, அல்லது திண்ணைக்கு. லோடு இறக்குகிறவர்களிடம் இதை முதல் பெட்டி இறங்கும் முன்பே சொல்லிவிட்டால் அவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். பாதி இறக்கிய பிறகு மாற்றச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள்.

இனிப் பெட்டி கட்டுவது. புது வீட்டில் கடைசியாகத் தேவைப்படுவது முதலில் கட்டப்பட வேண்டும். அதாவது பரணில் இருக்கும் கொலு பொம்மை, பெரிய அண்டா, விருந்தினர் போர்வை, பழைய புத்தகங்கள் எல்லாம் இரண்டு வாரம் முன்பே. சமையலறை கடைசியில். சமையலறையிலும் ஒரு பெட்டி மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் மூடப்பட்டு, வண்டியின் வாசலை ஒட்டி ஏறி, முதலில் இறங்க வேண்டும். அதற்குள் பால் பாத்திரம், டிகாக்‌ஷன் ஃபில்டர், சின்னக் குக்கர், கரண்டி, அரிவாள்மனை அல்லது கத்தி, நாலு தட்டு, நாலு டம்ளர், அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய்த்தூள், எண்ணெய், லைட்டர், தீப்பெட்டி, மெழுகுவத்தி. அதன் ஓரத்தில் ஒரு பையில் பல்பு, ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கயிறு, பூட்டு. பக்கெட், மக், சோப்பு தனியே. மாத்திரை, மூக்குக்கண்ணாடி, பிள்ளைகளின் மறுநாள் உடை கைப்பையில். ஒவ்வொரு பெட்டிக்கும் மேல்பக்கத்தில் அல்ல, பக்கவாட்டில் எண் எழுத வேண்டும்; அடுக்கிய பிறகு மேல்பக்கம் தெரியாது. எந்த எண்ணில் என்ன, எந்த அறைக்கு என்று ஒரு நோட்டில் வரிசையாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் டாலி கிளார்க் செய்யும் வேலை இதுதான். ஏறும்போது ஒரு டிக், இறங்கும்போது ஒரு டிக். வீட்டில் படிக்கிற பிள்ளை ஒருவரிடம் அந்த நோட்டைக் கொடுத்தால் பொறுப்பாகச் செய்வார்.

இயந்திரங்களுக்கு அவற்றின் குணம் அறிந்து முன்கூட்டியே நாள் ஒதுக்க வேண்டும். ஃபிரிட்ஜை முந்தின நாளே காலி செய்து, அணைத்து, தண்ணீர் வடியவிட்டுத் துடைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். எப்படிப் போனாலும் இறக்கியதும் சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் நிற்கவிடுவது நல்லது. முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினில், வாங்கியபோது கழற்றிய போல்ட்டுகளை மறுபடி மாட்டினால்தான் டிரம் ஆடாமல் போகும். கிரைண்டர் கல்லைக் கழற்றித் தனியே பழைய சேலையில் சுற்ற வேண்டும். ஏ.சி.யை மெக்கானிக்தான் கழற்ற வேண்டும், அவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி நிமிர்ந்தே இருக்க வேண்டும். நகையும் பத்திரமும் லாரியில் ஏறவே கூடாது.

காகிதங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் நம்மிடம் மிக அதிகமான வழக்கம், மிக அதிகச் செலவு வைப்பதும் அதுதான். 2023 வெள்ளத்துக்குப் பிறகு அரசு நிவாரணத் தொகையை, பாதிப்பின் அளவுக்கேற்ப 6,000 ரூபாய் அல்லது 1,000 ரூபாய் என, ரேஷன் கடைகள் வழியாகக் குடும்ப அட்டையை வைத்துக் கொடுத்தது. அட்டையில் இருக்கும் முகவரிதான் அங்கே பேசும். வேறு ஊர் முகவரியோடு அட்டை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிற குடும்பம், பாதிப்பைத் தனியாக மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு வரும். எனவே குடும்ப அட்டை முகவரி மாற்றம், ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, வங்கி, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவை வீடு மாறும் வேலையின் பகுதிகள். பிற்பாடு செய்யும் உபரி அல்ல. சமையல் எரிவாயு இணைப்பு ஊருக்குள் மாறினால் ஏஜென்சி மாற்றம் போதும். வேறு ஊருக்குப் போனால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, அவர்கள் தரும் சீட்டைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு எடுக்க வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் எதில் சமைப்பது என்பதும் முன்பே யோசிக்க வேண்டியது. மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை. ஆனாலும் வழியில் யாராவது கேட்டால் காட்ட, அந்த நோட்டுப் பட்டியலின் ஒரு பிரதி வண்டியில் இருப்பது நல்லது.

இவ்வளவும் எதற்கு, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸைக் கூப்பிட்டால் எல்லாம் அவர்களே செய்வார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. கட்டுவதிலும் தூக்குவதிலும் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் நமக்கு வராது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அவர்கள் பெரிய துணை. ஆனால் துறைமுகத்திலும் தூக்குகிறவர்களும் வரைபடம் போடுகிறவரும் வேறு வேறு. எந்த மாத்திரை ராத்திரி 8 மணிக்கு, எந்தப் பெட்டி முதலில் திறக்கும் என்பதை வெளியாள் அறிய மாட்டார். அவர்கள் கட்டி ஒப்படைத்த பெட்டிகளைத் திறந்து வாழப்போகிறவர் முடிவெடுக்க வேண்டியதை அவர்களிடம் விட முடியாது. அதோடு, சாமானை நேரில் பார்த்து எழுத்தில் தந்த தொகை, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியல், வழிச் சேதத்துக்குக் காப்பீடு ஆகிய மூன்றும் இல்லாமல் வண்டியை அனுப்பினால், இறக்குமிடத்தில் கூடுதல் பணம் கேட்டு நிற்கும்போது கையில் ஆதாரம் இருக்காது.

திட்டம் போட நேரமும் வசதியும் இருக்கிறவர்களுக்குத்தான் இதெல்லாம் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொல்கிறார். மாற்றல் உத்தரவு ஒரு வாரத்தில் சேரச் சொல்கிறது. தினக்கூலிக் குடும்பம் ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய சோறு போச்சு. இது உண்மை. ஆனால் நேரம் குறையக் குறைய எதை முதலில் செய்வது என்பதன் விலை ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை. ஒரு குட்டியானையில் மொத்தக் குடித்தனமும் அடங்கிவிடும் குடும்பத்துக்கு ரேஷன் அட்டையோ சாதிச் சான்றிதழோ தொலைந்தால் ஏற்படும் நஷ்டம், மூன்று லாரி சாமானுள்ள குடும்பத்தின் நஷ்டத்தைவிடப் பெரிது. அவர்கள் தாழ்ந்த தரையில் குடியேறினால் மறுபடி வாங்க முடியாத பொருள்தான் முதலில் நனையும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றாலும் அந்த நாளின் முதல் ஒரு மணி நேரத்தைப் புது வீட்டில் செலவிடுவதும், காகிதங்களை ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு ஒருவர் கையோடு வைத்துக்கொள்வதும் காசு கேட்காத வேலைகள்.

இரண்டு நாள் சிரமம்தானே, தானாகச் சரியாகிவிடும் என்பதும் நாம் அடிக்கடி கேட்பது. யாருக்குத் தானாகச் சரியாகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தூக்கிக் கொண்டுவந்து வைப்பதோடு ஆண்களின் வேலை முடிகிறது. பிரிப்பது, கழுவுவது, அடுக்குவது, இல்லாததைத் தேடுவது, அதற்கு நடுவே மூன்று வேளை சமைப்பது எல்லாம் வீட்டுப் பெண்ணின் தலையில் வாரக்கணக்கில் நீடிக்கின்றன. ஒழுங்கில்லாமல் ஏற்றிய ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி தூக்குகிறவர் அவர்தான். பெட்டி கட்டும் முன் எதை எங்கே வைப்பது என்று அவரைக் கேட்டு முடிவு செய்வதும், பிரிக்கும் வேலைக்கும் ஆண்களும் பிள்ளைகளும் ஒரு நாள் லீவு போடுவதும் மரியாதைக்காகச் செய்வன அல்ல. கூலி இல்லாத உழைப்பை நியாயமாகப் பங்கிடுவது அது.

நாள், நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இந்த முறைக்கு எதிரானவர்கள் என்று நினைக்க வேண்டாம். நம் வழக்கத்தின் உள்ளேயே இந்த முறை இருக்கிறது. நல்ல நாளில், சாமான் எதுவும் போவதற்கு முன், சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், அரிசி, பருப்பு, மஞ்சள், உப்பு ஆகியவற்றை எடுத்துப் போய் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சுகிறோம். தண்ணீர் வருகிறதா, அடுப்பு எரிகிறதா, புகை போக வழி இருக்கிறதா, விளக்கு அணையாமல் நிற்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும். ஆக, பால் காய்ச்சும் நாளுக்கும் சாமான் ஏற்றும் நாளுக்கும் நடுவில் சில நாள் இடைவெளி விடுவதில் சாஸ்திரக் குறை ஒன்றுமில்லை. அந்த நாட்களில்தான் கசியும் குழாயையும் எரியாத சுவிட்சையும் சரிசெய்ய முடியும். ஆடியும் மார்கழியும் ஆகாது என்கிறவர்களுக்கு, மார்கழியைப் பொறுத்தவரை இந்தக் கரையின் வானமும் ஒத்துப்போகிறது. 2023-இன் பெருமழை வந்தது மார்கழி பிறந்த நாளில்தான். பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும். அப்போது கடற்கரைச் சாலைப் பக்கம் லாரியைக் கொண்டுபோவது பெரும்பாடு என்பதையும் நாள் குறிப்பவர்கள் கணக்கில் கொள்ளலாம்.

பழைய வீட்டில் முடிக்க வேண்டியதும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. காலி செய்த அறைகளைப் படம் எடுத்து, மீட்டர் எண்ணைக் குறித்து, சாவி கொடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொண்டால் அந்த ஒரு மாதம் எப்போது தொடங்குகிறது என்பதில் வாதம் வராது. புது வீட்டிலும் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: முந்தைய மின் கட்டணம் பாக்கி இல்லை என்று பார்த்த பிறகே சாவி வாங்க வேண்டும்.

இதில் குடும்பங்கள் தாமாகச் செய்ய முடியாத ஒன்று மிஞ்சுகிறது. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நின்றது என்ற தகவல் இன்று எதிர்வீட்டாரின் நினைவில்தான் இருக்கிறது. வெளியூரிலிருந்து தொலைபேசியில் வீடு பேசி முடிக்கும் இளம் தொழிலாளருக்கு அந்த எதிர்வீடு கிடையாது. தூத்துக்குடி மாநகராட்சியின் 60 வார்டுகளிலும் 2023-இல் மோட்டார் வைத்த இடங்களும் தண்ணீர் வடிந்த நாட்களும் அதிகாரிகளுக்குத் தெரியும். அதை வார்டு வாரியாக, தெரு வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். தெருமுனைக் கம்பத்தில் நீர் நின்ற உயரத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். அப்படிச் செய்தால் அந்தத் தெருக்களில் வாடகை விழும், மனை விலை குறையும், கடன் வாங்கிக் கட்டிய சிறு வீட்டுக்காரர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பார்கள். விழலாம். ஆனால் கோடு இல்லாததால் இன்று அந்த நஷ்டத்தை முழுக்க ஏற்பவர் எதுவும் தெரியாமல் குடிவந்த வாடகைதாரர். கோடு போட்ட தெருவில் வடிகால் கேட்டு நிற்கும்போது வீட்டுக்காரரின் கையிலும் அதே கோடுதான் ஆதாரமாக இருக்கும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், பக்கிள் ஓடையைத் தூர்வாரும் வேலையோடு சேர்த்தே இதைச் செய்துவிடலாம்.